ஒரு தியாகத்தை முழுதாக நினைத்தல்

(வெற்றி நாளையொட்டிக் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டிசம்பர் 16 என்றதும் நம் நினைவுக்கு வருவது டாக்காவில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம். பாகிஸ்தான் தளபதி நியாஸி சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார். பக்கத்தில் நம் லெப்டினன்ட் ஜெனரல் ஜக்ஜித் சிங் அரோரா அமர்ந்திருக்கிறார். 1971-ஆம் ஆண்டின் அந்த மாலையில் ஏறத்தாழ 93,000 பேர் போர்க்கைதிகளானார்கள். வங்கதேசம் விடுதலை பெற்றது. பாடப் புத்தகங்களில் அந்தப் படம் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான்.

அதே நாள் முற்பகலில், டாக்காவிலிருந்து வெகுதொலைவில், மேற்கு எல்லையில் பஸந்தர் என்ற சிற்றாற்றுக்கு அப்பால் ஓர் இளம் அதிகாரி தன் டாங்கிக்குள் உயிர்விட்டார். பெயர் அருண் கேத்தர்பால். வயது 21. படையில் அதிகாரியாகச் சேர்ந்து ஆறே மாதங்கள். உங்களில் பலருக்கு இன்று அந்த வயதுதான். அவரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட கூட்டங்களில் வீரவணக்கம் சொல்லி, கைதட்டி, எழுந்து போய்விடுவது எளிது. அப்படிப் போகிற நினைவு ஒரு வாரம்கூடத் தங்காது. அவர் எங்கிருந்து வந்தார், எதைக் காக்க நின்றார், அவரோடு யார் யார் இருந்தார்கள், அவர் போன பிறகு யார் அந்த இழப்பைச் சுமந்தார்கள் என்பதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் ஒரு தியாகத்தை மதிக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். இந்த உரை முழுவதும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கேத்தர்பால் குடும்பத்தின் பூர்வீகம் சர்கோதா. இன்று அது பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கிறது. நாடு பிரிந்தபோது ஊரையும் வீட்டையும் விட்டு இந்தப் பக்கம் வந்த லட்சக்கணக்கான குடும்பங்களில் அதுவும் ஒன்று. தலைமுறை தலைமுறையாகப் படைப்பணி செய்தவர்கள். அருணின் கொள்ளுத்தாத்தா சீக்கியப் படையில் இருந்தவர். தாத்தா முதல் உலகப் போரில் பங்கெடுத்தவர். தந்தை எம்.எல். கேத்தர்பால் இந்தியப் படையின் பொறியாளர் பிரிவில் அதிகாரி, பிரிகேடியராக ஓய்வு பெற்றவர். தாயார் மகேஸ்வரி. 1950 அக்டோபர் 14 அன்று புனேயில் அருண் பிறந்தார். சனாவர் லாரன்ஸ் பள்ளியில் படித்தார். நன்றாக நீந்துவார், சாக்ஸபோன் வாசிப்பார். 1967-இல் தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் சேர்ந்தார். டேராடூனில் பயிற்சி முடித்து, 1971 ஜூன் 13 அன்று பூனா ஹார்ஸ் என்னும் 17-ஆம் குதிரைப்படை ரெஜிமென்டில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார்.

பெயரில் குதிரை இருந்தாலும் அப்போது அது டாங்கிப் படை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. ஆறாண்டுகளுக்கு முன் 1965 போரில் அதன் தளபதி லெப்டினன்ட் கர்னல் தாராபூர் சாவிண்டா பகுதிப் போரில் வீழ்ந்து, மறைவுக்குப் பின் பரம் வீர் சக்ரா பெற்றிருந்தார். புதிதாக வரும் அதிகாரிகளுக்கு அந்தப் பெயர் சொல்லப்படும். நீ யாருடைய இடத்தில் வந்து நிற்கிறாய் என்பதை ஒரு ரெஜிமென்ட் இப்படித்தான் கற்றுத் தருகிறது.

டிசம்பர் 3 அன்று போர் மூண்டபோது அருண் அகமதுநகரில் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சி வகுப்பில் இருந்தார். வகுப்பை நிறுத்தி எல்லோரையும் அவரவர் படைக்கு அனுப்பினார்கள். வழியில் டெல்லியில் பெற்றோர் வீட்டில் தங்கினார். போர்முனைக்குப் போகிற பெட்டியில் கோல்ப் மட்டைகளும் விருந்துக்கு அணியும் நீலச் சீருடையும் இருந்ததைப் பார்த்து வீட்டில் வியந்து கேட்டார்களாம். லாகூரில் கோல்ப் ஆட வேண்டும், வெற்றி விருந்துக்கு நல்ல உடை வேண்டாமா என்றாராம் அவர். 21 வயதின் நம்பிக்கை அது. சாவை எண்ணிக்கொண்டு அவர் கிளம்பவில்லை, வாழ்க்கையை எண்ணிக்கொண்டுதான் கிளம்பினார். தியாகிகள் எல்லாம் உயிரை வெறுத்தவர்கள் என்று நாம் ஒரு சித்திரம் வைத்திருக்கிறோம். அந்தச் சித்திரம் தவறு. இழப்பதற்கு நிறைய இருந்தவர்கள்தான் இழந்தார்கள்.

பயிற்சி முடிக்காத அதிகாரியைப் போருக்கு அழைத்துப் போவதில் ரெஜிமென்டின் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஹணுத் சிங்குக்குத் தயக்கம் இருந்தது. இந்தியாவின் டாங்கிப் படை கண்ட தலைசிறந்த தளபதிகளில் ஒருவர் அவர். துறவியைப் போல் வாழ்ந்தவர், தொழிலில் துளியும் தளர்வு காட்டாதவர். அருண் விடாமல் கேட்டார். மூத்தவர்களிடம் கற்றுத் தன் தகுதியை மெய்ப்பித்த பிறகே அனுமதி கிடைத்தது.

இனி களத்துக்கு வருவோம். வரைபடத்தில் ஷகர்கட் பகுதியைப் பார்த்தால், பாகிஸ்தானின் நிலம் இந்தியாவுக்குள் புடைத்துக்கொண்டு நிற்பது தெரியும். அதற்கு வடகிழக்கே பதான்கோட்டிலிருந்து ஜம்முவுக்குப் போகும் சாலை. காஷ்மீரை நாட்டின் மற்றப் பகுதிகளோடு இணைத்த உயிர்நாடி அதுதான். ஷகர்கட்டிலிருந்து எதிரியின் டாங்கிகள் புறப்பட்டால் அந்தச் சாலை துண்டிக்கப்படலாம். அதனால், எதிரி வந்து தாக்கும்வரை காத்திராமல் உள்ளே நுழைந்து அந்த ஆபத்தை நீக்குவது என்று இந்தியப் படை முடிவு செய்தது. பஸந்தர் ஆற்றைக் கடந்து அக்கரையில் ஒரு பிடிமானத்தை உண்டாக்கும் பணி 47-ஆவது காலாட்படை பிரிகேடுக்குத் தரப்பட்டது. டாங்கிகள் பின்னால் வந்து அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும்.

இடையில் கண்ணிவெடிகள் புதைத்த நிலம். அதில் பாதை வெட்டுவது பொறியாளர் படையின் வேலை. இருட்டில், எதிரியின் குண்டுவீச்சுக்கு நடுவே, கண்ணிவெடிகளை ஒவ்வொன்றாக அகற்றி டாங்கிகளுக்கு வழி செய்ய வேண்டும். டிசம்பர் 15 இரவு காலாட்படை ஆற்றைக் கடந்து அக்கரையைப் பிடித்துவிட்டது. பொறியாளர்களோ பாதி நிலத்தைத்தான் துப்புரவாக்கியிருந்தார்கள். அந்த நேரத்தில் எதிரி டாங்கிகளின் நடமாட்டம் தெரிகிறது என்று அக்கரையிலிருந்து செய்தி வந்தது. டாங்கிகளின் துணையில்லாத காலாட்படை, எதிரி டாங்கிகளின் முன்னால் நிற்க முடியாது. விடியும்வரை காத்திருந்தால் அத்தனை பேரும் அழிவார்கள். ஹணுத் சிங்கின் பூனா ஹார்ஸ், வெடி அகற்றப்படாத நிலத்தின் வழியாகவே டாங்கிகளைச் செலுத்தி அக்கரை சேர்ந்தது. அந்த இரவில் காட்டிய துணிவு இல்லையென்றால் மறுநாள் காலை என்று ஒன்று அந்தக் காலாட்படைக்கு இருந்திருக்காது. அருணின் கதைக்கு முன்னால் இந்தப் பெயரறியாப் பொறியாளர்களின் கதையும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

ஒரு டாங்கிக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். செஞ்சுரியன் என்ற அந்த வகை டாங்கியில் நான்கு பேர். முன்னால் ஓட்டுநர். கோபுரத்துக்குள் துப்பாக்கியைக் குறிபார்த்துச் சுடுபவர், குண்டு நிரப்பி வானொலியையும் கவனிப்பவர், இவர்களுக்கு மேலே கமாண்டர். ஒருவர் பார்க்கிறார், ஒருவர் ஓட்டுகிறார், ஒருவர் நிரப்புகிறார், ஒருவர் சுடுகிறார். நால்வரும் ஒரே உடலைப் போல் இயங்கினால்தான் அந்த இரும்புப் பெட்டிக்கு உயிர். ஃபமகுஸ்தா என்று பெயரிட்ட அருணின் டாங்கியில் ஓட்டுநர் பிரயாக் சிங், சுடுபவர் நாத்து சிங், வானொலியைக் கவனித்தவர் நந்த் சிங். இந்த மூன்று பெயர்களையும் அருணின் பெயரோடு சேர்த்தே நினைவில் வையுங்கள்.

டிசம்பர் 16 காலை எட்டு மணியளவில் ஜர்பால் என்ற இடத்தில் பாகிஸ்தானின் 13-ஆவது லான்சர்ஸ் படை புகைத்திரையின் மறைவில் எதிர்த்தாக்குதல் தொடுத்தது. அங்கே நின்றது பூனா ஹார்ஸின் உட்பிரிவான 'பி' ஸ்குவாட்ரன். எதிரியின் டாங்கிகள் எண்ணிக்கையில் அதிகம். 'பி' ஸ்குவாட்ரனின் தலைவர் வானொலியில் உதவி கேட்டார். அருண் இருந்தது 'ஏ' ஸ்குவாட்ரனில். அந்தக் குரலைக் கேட்டதும் தாமாகவே முன்வந்து தம் டாங்கிகளோடு புறப்பட்டார். பின்னர் அவருக்கு வழங்கப்பட்ட பரம் வீர் சக்ராவின் விருதுக் குறிப்பே அதைத்தான் சொல்கிறது.

வழியில் இன்னும் அடங்காத எதிரி நிலைகள் இருந்தன. டாங்கியைத் துளைக்கும் பீரங்கிகள் அங்கிருந்து சுட்டன. சுற்றிப் போக நேரமில்லை. நேராக அந்த நிலைகளின் மேலேயே டாங்கிகளை ஏற்றி, அங்கிருந்தவர்களைக் கைத்துப்பாக்கி முனையில் சிறைப்பிடித்து முன்னேறினார். அப்படி மோதிய ஒரு கணத்தில் அவருடைய அணியின் இன்னொரு டாங்கியின் கமாண்டர் கொல்லப்பட்டார். அருண் நிற்கவில்லை. 'பி' ஸ்குவாட்ரன் இருந்த இடத்தை அடைந்தபோது, எதிரியின் முதல் அலை பின்வாங்கிக்கொண்டிருந்தது. விரட்டிச் சென்று ஒரு டாங்கியை வீழ்த்தினார்.

எதிரிகள் மீண்டும் அணிவகுத்து ஒரு முழு ஸ்குவாட்ரனோடு வந்தார்கள். இந்தத் தடவை அவர்கள் குறிவைத்தது அருணும் வேறு இரண்டு டாங்கிகளும் நின்ற இடத்தை. அந்த இரண்டில் ஒன்றில் கேப்டன் மல்ஹோத்ரா, மற்றொன்றில் லெப்டினன்ட் அவதார் அஹ்லாவத். அஹ்லாவத்தின் டாங்கி அடிபட்டது, அவர் காயமடைந்தார். மல்ஹோத்ராவின் டாங்கியில் துப்பாக்கி பழுதானது. எஞ்சி நின்றது ஃபமகுஸ்தா. அந்தக் கடும் சண்டையில் எதிரியின் பத்து டாங்கிகள் அழிந்தன, அவற்றில் நான்கை வீழ்த்தியவர் அருண் என்று குறிப்பு சொல்கிறது. அவருடைய டாங்கியும் அடிபட்டுத் தீப்பிடித்தது. அவருக்குப் பலத்த காயம். டாங்கியை விட்டு வெளியேறும்படி வானொலியில் ஆணை வந்தது. தம் துப்பாக்கி இன்னும் வேலை செய்கிறது, ஆகவே டாங்கியைக் கைவிட மாட்டேன் என்று பதில் சொல்லிவிட்டுச் சண்டையைத் தொடர்ந்தார்.

மாணவர்களே, இந்த மறுப்பை நிதானமாகப் பார்க்க வேண்டும். வெறியில் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எதிரி பெருமளவு சிதைந்தும் இன்னும் முன்னேறிக்கொண்டிருக்கிறான். அந்த இடத்தில் இனித் தடுப்பதற்கு வேறு டாங்கி இல்லை. தாம் இறங்கினால் அந்த வழியே எதிரி உடைத்துக்கொண்டு போவான். பின்னால் முந்தைய இரவு ஆற்றைக் கடந்த காலாட்படை வீரர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கி வேலை செய்கிறது. இவ்வளவையும் கணக்கிட்டுச் சொன்ன பதில் அது. மேலும் ஒரு டாங்கியை வீழ்த்தினார். அவர் கடைசியாகச் சுட்ட டாங்கி நூறு மீட்டர் அளவு தொலைவில்தான் இருந்தது என்கிறார்கள். பிறகு ஃபமகுஸ்தாவின் மேல் இரண்டாவது குண்டு விழுந்தது. அருண் உயிரிழந்தார். நந்த் சிங்கும் அந்தச் சண்டையில் உயிரிழந்தார். பிரயாக் சிங்கும் நாத்து சிங்கும் உயிர் பிழைத்தார்கள். எதிரியால் அந்த வழியே உடைத்துப் போக முடியவில்லை.

மறுநாள் டிசம்பர் 17 இரவு எட்டு மணிக்கு மேற்கு முனையில் போர் நின்றது. அருணின் மறைவுக்கும் அதற்கும் ஒன்றரை நாள்தான் இடைவெளி. அன்றே சாம்பாவுக்கு அருகில் அருணின் உடலுக்கு எரியூட்டினார்கள். டெல்லியில் இருந்த பெற்றோருக்கு இது எதுவும் தெரியாது. போர் நின்றுவிட்டது, பிள்ளை வந்துவிடுவான் என்று அவர்கள் காத்திருந்தார்கள். தந்தி வந்தது அதன் பிறகு. நாடெங்கும் பட்டாசு வெடித்த அந்த நாட்களில் ஒரு வீட்டு வாசலில் ஒரு தாய் அந்தத் தாளை வாங்கினார். 1972 ஜனவரி 26 அன்று தன் மகனுக்கான பரம் வீர் சக்ராவைப் பெற்றுக்கொண்டவரும் அவரே. அதுவரை அந்த விருதைப் பெற்றவர்களிலேயே வயதில் இளையவர் அருண். 1999-இல் கார்கில் போரில் 19 வயது யோகேந்திர சிங் யாதவ் பெறும்வரை அப்படித்தான் இருந்தது.

இங்கே ஒரு கேள்வியை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. 1972 ஜூலையில் சிம்லா ஒப்பந்தம் கையெழுத்தானது. ஷகர்கட் பகுதியில் இந்தியப் படை பிடித்த நிலம் பாகிஸ்தானிடம் திருப்பித் தரப்பட்டது. ஜர்பாலும் அப்படியே. அப்படியானால் அந்த உயிர் எதற்காகப் போனது என்று நேர்மையான மனம் கேட்கும். கேட்கத்தான் வேண்டும். என் பதில் இது. நிலத்தைச் சேர்த்து வைப்பதற்காக அருண் அங்கே நிற்கவில்லை. அன்று முற்பகலில் உதவி கேட்ட தோழர்களுக்காகவும், ஆற்றின் அக்கரையில் திரும்ப வழியின்றி நின்ற காலாட்படைக்காகவும், அவர்களுக்கும் பின்னால் அந்தச் சாலைக்காகவும் நின்றார். அவர்கள் பிழைத்தார்கள். சாலை துண்டிக்கப்படவில்லை. நிலம் எந்த அரசின் கையில் இருக்க வேண்டும் என்பதைப் பிறகு மேசையில் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். உயிரோடு வீடு திரும்பியவர்களை எந்த ஒப்பந்தமும் திருப்பி எடுக்க முடியாது. தியாகத்தை ஏக்கர் கணக்கில் அளப்பவர்கள் போரையும் அறியவில்லை, மனிதர்களையும் அறியவில்லை.

அதே களத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிசம்பர் 17 அன்று பாகிஸ்தானின் 35-ஆவது பிரான்டியர் ஃபோர்ஸ் படை, நம் 3-ஆவது கிரனேடியர்ஸ் நின்ற இடத்தைத் தாக்கியது. அந்தச் சண்டையில் நம் மேஜர் ஹோஷியார் சிங் பரம் வீர் சக்ரா பெற்றார். தாக்கி வந்த படையின் தளபதி லெப்டினன்ட் கர்னல் அக்ரம் ராஜா தம் வீரர்களின் முன்னணியில் நின்று போரிட்டு மடிந்தார். அவருடைய வீரத்தை நேரில் கண்ட நம் கிரனேடியர்ஸ் தளபதி வி.பி. ஐரி, அதை எழுத்தில் பாராட்டிப் பாகிஸ்தான் தரப்புக்கு அனுப்பினார். அவர் எழுதிய குறிப்பு துணையாக, அக்ரம் ராஜாவுக்கு அவருடைய நாடு ஹிலால்-இ-ஜுர்ரத் என்ற உயர்ந்த விருதை வழங்கியது. தன் வீரர்களைக் கொல்ல வந்தவனின் வீரத்துக்குச் சான்று எழுதித் தந்த அந்தக் கையை நினைத்துப் பாருங்கள். போர்முனையில் நின்றவர்களுக்கு எதிரியை வெறுக்காமலேயே எதிர்த்து நிற்கத் தெரிந்திருந்தது. வெறுப்பைப் பெருக்குகிறவர்கள் பெரும்பாலும் போர்முனையிலிருந்து வெகுதூரத்தில் இருப்பவர்களே.

வெறுப்பின்றி எதிர்த்து நிற்பதன் முழுப் பொருளை எனக்குக் காட்டியது அருணின் தந்தையின் வாழ்க்கை. முப்பது ஆண்டுகள் கழிந்தன. 2001-இல், 81 வயதான பிரிகேடியர் கேத்தர்பாலுக்குத் தாம் பிறந்த மண்ணைக் கண்ணை மூடுவதற்கு முன் ஒரு முறை பார்க்க வேண்டும் என்ற ஆசை. பாகிஸ்தான் போனார். லாகூரில் அவரை வரவேற்றுத் தம் வீட்டில் தங்கவைத்துக் கவனித்துக்கொண்டவர் பிரிகேடியர் க்வாஜா முகமது நாசர். அந்த வீட்டார் காட்டிய அன்பும் மரியாதையும் முதியவரை நெகிழவைத்தன. ஆனால் ஏதோ ஒன்றைச் சொல்ல முடியாமல் அவர்கள் தவிப்பதாகவும் அவருக்குத் தோன்றியது. புறப்படுவதற்கு முந்தைய இரவு நாசர் சொன்னார். 1971-இல் தாம் 13-ஆவது லான்சர்ஸில் ஒரு ஸ்குவாட்ரனுக்குத் தலைமை தாங்கியதாகவும், அந்தக் காலையில் தம் டாங்கியும் அருணின் டாங்கியும் ஒன்றையொன்று சுட்டதாகவும், தாம் சுட்ட குண்டால்தான் அருண் இறந்ததாகவும் சொன்னார். எதிரில் நின்றவர் எவ்வளவு இளையவர் என்பது தமக்குப் பிறகுதான் தெரிந்தது என்றார். அந்த மலைபோன்ற உறுதியைத் தாம் மறக்கவில்லை என்றும் சொன்னார்.

மகனைக் கொன்றவரின் வீட்டில், அவர் பரிமாறிய உணவை உண்டு, அவர் விரித்த படுக்கையில் படுத்த தந்தை. அவர் என்ன செய்திருக்க முடியும்? கோபப்பட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவரும் ஒரு படைவீரர். நாசர் தம் கடமையைச் செய்தார், அருண் தம் கடமையைச் செய்தார் என்பது அவருக்குப் புரிந்தது. மறுநாள் இருவரும் சேர்ந்து புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அருணை உயர்வாகப் போற்றும் குறிப்போடு அந்தப் படத்தை நாசர் டெல்லிக்கு அனுப்பிவைத்தார். மகன் எரியும் டாங்கியில் காட்டிய துணிவு ஒரு முற்பகல் நேரத்தது. தந்தை அந்த இரவில் காட்டிய துணிவுக்கு முப்பதாண்டுத் துயரம் தேவைப்பட்டது. இரண்டையும் சேர்த்தால்தான் அருண் கேத்தர்பாலின் தியாகம் என்ன என்பது முழுதாக விளங்குகிறது. அவர் உயிரைக் கொடுத்தார். அவரைப் பெற்றவர்கள் தங்கள் எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் கொடுத்தார்கள்.

இன்று தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் அணிவகுப்பு மைதானம் அருணின் பெயரைத் தாங்கி நிற்கிறது. போரின்போது எதிரியின் கைக்குப் போன ஃபமகுஸ்தா பின்னர் திரும்பி வந்து, அகமதுநகரில் டாங்கிப் படைப் பயிற்சி மையத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. படை தன் கடனைச் செய்துவிட்டது. நம் கடன் என்ன?

மூன்று சொல்கிறேன். முதலாவது, சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். போரில் இறந்த ஒருவரைப் பற்றிப் பேசும்போது அவர் பெயர், ஊர், எங்கே, எதற்காக நின்றார், உடன் யார் இருந்தார்கள் என்று தேடிப் படியுங்கள். மிகைப்படுத்திச் சொல்லும் கதைகளைப் பரப்பாதீர்கள். அருணின் செயலுக்கு எந்த ஒப்பனையும் தேவையில்லை.

இரண்டாவது, வீட்டாரை நினையுங்கள். உங்கள் மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. கணவரை இழந்தவர்கள், பிள்ளையை இழந்த பெற்றோர், கைகால் இழந்து திரும்பியவர்கள் ஓய்வூதியத் தாளோடு அங்கே வந்து போகிறார்கள். டிசம்பர் 7 கொடி நாளன்று உண்டியலில் ஒரு நோட்டைப் போட்டுச் சட்டையில் ஒரு கொடியைக் குத்திக்கொள்வதோடு முடித்துவிடாதீர்கள். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால் போய்ப் பேசுங்கள். விண்ணப்பம் எழுதித் தர உதவுங்கள். அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள். இறந்தவரின் பெயரைப் பிறர் வாயால் கேட்பது பெற்றவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் பார்ப்பீர்கள்.

மூன்றாவது, போரைப் பற்றிப் பேசும்போது பொறுப்போடு பேசுங்கள். உங்களில் சிலர் படையில் சேர்வீர்கள், சிலர் ஆட்சிப் பணிக்குப் போவீர்கள், எல்லோரும் வாக்களிப்பீர்கள். போர் வேண்டும் என்று கூவுவது எளிது. நாட்டைக் காக்கப் போர் தவிர்க்க முடியாததாகும் வேளையும் வரும், 1971 அப்படி ஒரு வேளை. ஆனால் அந்த முடிவை எடுப்பவர்களும் அதற்குக் கைதட்டுபவர்களும், அதன் விலையைக் கட்டப்போவது 21 வயதுப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் என்பதை அறிந்தே எடுக்க வேண்டும், அறிந்தே கைதட்ட வேண்டும். அவ்வளவு பெரிய விலையை வேறு வழியே இல்லாதபோது மட்டும் கேட்கிற நாடாக இந்த நாட்டை வைத்திருப்பது உயிரோடு இருக்கும் நம் பொறுப்பு. அருணுக்கு நாம் செலுத்தும் வணக்கம் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்வதில்தான் நிறைவு பெறும்.